வறுத்த பயறு முளைக்குமா?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற வழியில், பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. புள் என்றால் பறவை. ராவணனிடம் வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்த இடம் என்கிறது தலபுராணம். அதனால் புட்குழி. விஜயராகவப் பெருமாள் கோயில், 108 திவ்யதேசங்களில் ஒன்று. தாயார் மரகதவல்லி.

பிள்ளை வரம் வேண்டி வருகிற பெண்கள், வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி தூங்குவார்கள். விடிந்து பார்க்கும்போது பயறு முளை விட்டிருந்தால் பிள்ளை நிச்சயம் என்பது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையோடு நான் வம்புக்குப் போகவில்லை. நான் சண்டைக்கு வந்திருப்பது இன்னொரு வறுத்த பயறோடு. அதை மூட்டை கட்டி, லேபிள் ஒட்டி, விலை வைத்து விற்கிறார்கள். பெயர் பயோசார். தமிழில் உயிர்க்கரி.

கோயிலைப் பார்த்துவிட்டு வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு விவசாயி பேச்சுக் கொடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒன்றரை ஏக்கர் குத்தகை நிலம். அவர் பெயர் வேண்டாம். நிலத்துக்காரர் இதைப் படித்தால் அவருக்குத்தான் கஷ்டம்.

"போன வருசம் ஒருத்தர் வந்தாரு சார். இது உயிர்க்கரி, ஒரு தபா போட்டா போதும், மண்ணுல நுண்ணுயிரு கோடி கோடியாப் பெருகும், உரச் செலவு பாதியாயிடும்னாரு. கத்திரிக்குப் போட்டேன். அவர் பேச்சை நம்பி யூரியாவையும் பாதியாக் கொறைச்சேன். பயிரு கறுத்து வரும்னு பார்த்தா, வெளுத்துப் போச்சு சார்."

"அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். பொறுமையா இருங்க, மண்ணு மாற மூணு வருசம் ஆகும்னாரு. மூணு வருசத்துக்கு அந்த நிலம் என்கிட்ட இருக்கும்னு இன்னா சார் நிச்சயம்?"

இந்த ஒரு கேள்விதான் இந்த வாரக் கட்டுரை.

*

நான் படித்தது பி.காம். மண்ணியல் எனக்குப் பாடமில்லை. ஆனால் ஒருவர் ஒரு பொருளை விற்கும்போது அது எந்தக் கணக்கில் வரவு, யார் கணக்கில் பற்று என்று பார்க்கிற கெட்ட பழக்கம் காமர்ஸ் படித்தவனுக்கு உண்டு. அந்தப் பழக்கத்தோடு இந்தக் கரியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

உமி, பருத்திமார், சீமைக் கருவேல விறகு, தேங்காய்ச் சிரட்டை, எதுவாக இருந்தாலும் சரி. காற்றை அடைத்து நானூறு முதல் எழுநூறு டிகிரி வரை சூடாக்கினால் அது சாம்பலாகாமல் கரியாகும். நாலு டன் காய்ந்த விறகு போட்டால் சுமார் ஒரு டன் கரி கிடைக்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் காலம் காலமாக மூட்டம் போட்டு எடுக்கிற அடுப்புக்கரிக்குச் சொந்தக்காரன்தான் இதுவும். அது அடுப்புக்குப் போகிறது. இது மண்ணுக்குப் போகிறது.

மண்ணுக்குள் இது என்ன செய்யும்? நல்லது செய்யும். அதை மறைக்க எனக்கு ஆசை இல்லை.

கரி முழுக்கத் துளைகள். நன்றாகச் சுட்ட ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்துப் பார்த்தால் சென்னைவாசிகள் சொல்கிற ஒரு கிரவுண்டையே தொட்டுவிடும். அந்தத் துளைகளில் ஈரம் தங்கும். பாக்டீரியா குடியேறும். மண்ணுக்குள் பாக்டீரியாவைத் தின்று வாழ்கிற பெரிய உயிர்கள் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாது. வேரோடு கூட்டுச் சேர்ந்து, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற வேர்ப்பூஞ்சை ஒன்று இருக்கிறது. அதன் இழைகளும் கரித்துண்டுக்குள் புகுந்து புறப்படும்.

அடுத்தது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். நீங்கள் போடும் யூரியாவை மண்ணின் நுண்ணுயிர்கள்தான் முதலில் அம்மோனியமாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும். காற்றில்லாத ஈர மண்ணில் வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரஸ் ஆக்ஸைடாக்கிக் காற்றில் விட்டுவிடும். பூமியைச் சூடாக்குவதில் அந்த வாயு கார்பன் டை ஆக்ஸைடைப்போல ஏறத்தாழ 273 மடங்கு கெட்டிக்காரன். கரி இருக்கிற மண்ணில் அம்மோனியம் பிடித்து வைக்கப்படுகிறது. நைட்ரஸ் ஆக்ஸைடு பல சோதனைகளில் குறைந்திருக்கிறது.

இதெல்லாம் நிஜம். பிறகு திருப்புட்குழிக் கத்திரி ஏன் வெளுத்தது?

*

பெயரிலேயே ஏமாற்று இருக்கிறது. உயிர்க்கரி என்கிறார்கள். அதில் உயிர் இல்லை. எழுநூறு டிகிரி வெப்பத்தில் வெந்து வந்த பொருளில் எந்த உயிர் மிஞ்சும்? அது செத்த பொருள். வெளியிலிருந்து உயிர் வந்து குடியேறினால்தான் உண்டு.

அதாவது கரி என்பது நுண்ணுயிருக்கு வீடு. சோறு அல்ல. வீடு கட்டிக் கொடுத்துவிட்டு அரிசி பருப்பு இல்லை என்றால், குடிவந்தவன் என்ன செய்வான்? பக்கத்து வீட்டில் கை வைப்பான். புதுக்கரியில் எளிதாகத் தின்னக்கூடிய கார்பன் கொஞ்சம் இருக்கும். அதைத் தின்ன வருகிற நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் வேண்டும். கரியில் அது போதுமான அளவு கிடையாது. மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் கரி தன் பங்குக்கு அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு பேரும் சாப்பிட்டது போக மிச்சம்தான் கத்திரிச் செடிக்கு. அந்த நேரம் பார்த்து யூரியாவையும் பாதியாகக் குறைக்கச் சொன்னால் பயிர் வெளுக்காமல் என்ன செய்யும்?

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பச்சைக் கரியை அப்படியே மண்ணில் கொட்டாதே, சாணி எருவோடோ கம்போஸ்டோடோ சேர்த்துச் சில வாரம் ஊறவைத்துப் போடு என்பது இந்தத் துறையில் அரிச்சுவடி. கம்போஸ்டில் ஊறிய கரியின் துளைச் சுவர்களில் கரிமப் பொருள் மெல்லிய பூச்சாகப் படிகிறது, சத்தையும் தண்ணீரையும் பிடித்து வைப்பதில் அந்தப் பூச்சுக்குப் பெரிய பங்கு உண்டு என்று 2017-ல் ஓர் ஆய்வு காட்டியது. விற்க வந்தவருக்கு இது தெரியாதா? தெரிந்திருந்தால் சொல்லியிருக்க வேண்டும். தெரியாவிட்டால் விற்றிருக்கக்கூடாது.

நான் சொன்ன ஒரு கிரவுண்டு கணக்கிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அந்தப் பரப்பில் பெரும்பகுதி, பாக்டீரியாவே நுழைய முடியாத அளவு நுணுக்கமான துளைகள். பில்டர் சொல்கிற சூப்பர் பில்ட்-அப் ஏரியா மாதிரி. குடியிருக்கக் கிடைக்கிற கார்பெட் ஏரியா வேறு. ஃபிளாட் வாங்கிய உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மூன்றாவது வில்லங்கம்தான் பெரியது. கரி போட்டால் விளைச்சல் கூடுகிறதா என்று உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017-ல் ஒரு கணக்கு வந்தது. வெப்ப மண்டலத்தில் சராசரியாக 25 சதவிகிதம் கூடுதல். குளிர் நாடுகளில் சராசரியாக ஒன்றுமில்லை. இந்த 25 சதவிகிதத்தைத்தான் விற்பனைப் பிரசுரங்கள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. அடுத்த வரியைப் போடுவதில்லை. அந்தப் பலனுக்கு முக்கியக் காரணம், அங்கே மண் புளிப்பானது, சத்தில்லாதது. கரி சுண்ணாம்பு மாதிரி வேலை செய்து அந்தப் புளிப்பை முறித்தது. கரி பெரும்பாலும் காரத் தன்மை உள்ளது. தமிழ்நாட்டில் ஏற்கெனவே களரும் உவருமாக, சுண்ணாம்பு கலந்த காரமான மண் எவ்வளவு இருக்கிறது என்று எந்த வேளாண் அதிகாரியையும் கேளுங்கள். அந்த மண்ணில் மேலும் காரத்தைக் கொட்டினால் மணிச்சத்து சுண்ணாம்போடு கட்டிக்கொண்டு வேருக்குக் கிடைக்காமல் போகலாம். ஜுரக்காரனுக்குப் பலித்த கஷாயத்தை வயிற்றுவலிக்காரனுக்கு ஊற்றுகிற வைத்தியம் இது.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சீமைக் கருவேலம் உள்படப் பலவிதப் பொருள்களைக் கரியாக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குணம். விறகுக்கரி வேறு, உமிக்கரி வேறு. குறைந்த சூட்டில் சுட்டது வேறு, அதிகச் சூட்டில் சுட்டது வேறு. சாயக் கழிவும் பிளாஸ்டிக்கும் கலந்த குப்பையைச் சுட்டால் அதிலுள்ள உலோகம் எரிந்து போகாது. செறிவாகி மண்ணுக்கு வரும். மூட்டைமேல் எதைச் சுட்டது, எவ்வளவு சூட்டில் சுட்டது, காரம் எவ்வளவு என்று போட்டிருக்கிறதா? மொட்டை மாடித் தோட்டத்துக்குப் பயோசார் பாக்கெட் வாங்குகிற வாசகர்களே, உங்கள் பாக்கெட்டையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.

*

இந்த இடத்தில் இரண்டு தரப்பிலிருந்து எனக்குத் திட்டு வரும்.

ஒரு தரப்பு சொல்லும்: "இதெல்லாம் நம் முன்னோர் அன்றைக்கே செய்தது. வெள்ளைக்காரன் இன்றைக்குக் கண்டுபிடிக்கிறான்." ஓரளவு சரி. விறகடுப்புச் சாம்பலும் கரித்துண்டும் எருக்குழிக்குத்தான் போயின. மாட்டுச் சாணத்தோடும் மூத்திரத்தோடும் ஒரு வருடம் ஊறி, கோடையில் வண்டியேறி வயலுக்குப் போயின. கரியை ஊறவைக்கும் வேலை யாருக்கும் தெரியாமலே நடந்தது. ஆனால் அந்த அடுப்பின் புகையில் கண்ணையும் நுரையீரலையும் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்கள். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். கேட்கிற ஆண்கள் முதலில் ஒரு மாதம் ஊதுகுழலைப் பிடித்துப் பார்க்கட்டும்.

இன்னொரு தரப்பு அமேசானைக் காட்டும். பிரேசில் காடுகளில், வெளிறிய ஏழை மண்ணுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கறுப்பு மண். ஆயிரம் வருடத்துக்கு முன்னும் அதற்கு முன்னும் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் உண்டாக்கியது. இன்றைக்கும் வளமாக இருக்கிறது. டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966-ல் தன் புத்தகத்தில் எழுதிய பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. கரிக்குக் கிடைத்த மிகப் பெரிய விளம்பரம் அதுதான். ஆனால் அந்த மண்ணில் என்ன இருக்கிறது? கரி மட்டுமா? மீன் முள், எலும்பு, சாம்பல், உடைந்த பானை, மனிதக் கழிவு, சமையல் குப்பை. தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தவர்களின் மிச்சம் அத்தனையும் இருக்கிறது. வெறும் கரியைக் கொட்டி யாரும் அந்த மண்ணைச் செய்யவில்லை. ஓரிடத்தில் தங்கி வாழ்ந்தவர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கத்திரிக்காரருக்கு இல்லாதது அதுதான்.

*

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

மண்ணில் போட்ட கரி எவ்வளவு நாள் இருக்கும்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ம் ஆண்டுக் கணக்கு ஒன்று சொல்கிறது: கரியில் சுமார் 3 சதவிகிதம் சில மாதங்களில் கரைந்துவிடும். மீதி 97 சதவிகிதம் சராசரியாக 556 ஆண்டுகள் இருக்கும்.

காமர்ஸ் பாஷையில் இதற்கு நிலையான சொத்து என்று பெயர். யூரியா நடைமுறைச் செலவு; இந்தப் போகத்தில் போட்டு இந்தப் போகத்தில் எடுப்பது. 45 கிலோ மூட்டையை அரசாங்கம் வரி தவிர 242 ரூபாய்க்குக் கொடுக்கிறது. கரி அப்படியில்லை. சோதனைகளில் ஏக்கருக்கு இரண்டு டன், நாலு டன் என்று போடுகிறார்கள். இரண்டு டன் கரிக்கு எட்டு டன் காய்ந்த விறகு வேண்டும். இது மூலதனச் செலவு. பலன் மெதுவாக, வருடக்கணக்கில் வரும். கரி பழையதாக ஆகத்தான் அதன் மேற்பரப்பு சத்தைப் பிடித்து வைக்கும் குணத்தைக் கூட்டிக்கொள்ளும்.

வாடகை வீட்டில் இருப்பவரிடம் போய், "உங்கள் செலவில் அஸ்திவாரத்தைப் பலப்படுத்துங்கள், வீடு ஐந்நூறு வருடம் நிற்கும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதைத்தான் குத்தகை விவசாயியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

குத்தகைதாரர் உரிமைகளைப் பதிவு செய்ய 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஊருக்கு ஊர் வாய்ப்பேச்சுக் குத்தகை நடந்துகொண்டுதான் இருக்கிறது. 2019-ல் வந்த பிரதமரின் வருட உதவித்தொகை ஆறாயிரம் ரூபாய்கூட நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். உழுகிறவருக்கு அல்ல.

கோயில் நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறநிலையத்துறையின் கீழுள்ள கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. 1959-ம் வருட அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவு, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகை விட வேண்டுமானால் ஆணையர் அனுமதி வேண்டும் என்கிறது. கோயில் சொத்தை யாரும் அமுக்கிவிடக்கூடாது என்பதற்காக வந்த நியாயமான பிரிவு. ஆனால் 556 வருடக் கரியையும் ஐந்து வருடக் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெருமாளுக்கு அவசரம் இல்லை. உழுகிறவருக்கு இருக்கிறது.

சரி, பற்று விவசாயி கணக்கில். வரவு யார் கணக்கில்?

ஒரு டன் கரியில் எழுபது சதவிகிதம் கார்பன் என்று வைத்துக்கொண்டால், அது காற்றிலிருந்து எடுக்கப்பட்ட இரண்டரை டன் கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். உலகச் சந்தையில் இதற்குக் கார்பன் கிரெடிட் உண்டு. கரி வழியாகச் சேமித்த ஒரு டன்னுக்கு நூறு டாலருக்கு மேல் விலை போயிருக்கிறது. 2025 ஜனவரியில் கூகுள், வராஹா என்ற இந்திய நிறுவனத்திடமிருந்து 2030-க்குள் ஒரு லட்சம் டன் கிரெடிட் வாங்க ஒப்பந்தம் போட்டது. குஜராத்தில் சீமைக் கருவேலத்தைக் கரியாக்கி மண்ணில் சேர்க்கிற திட்டம். அந்த ஒப்பந்தத்தை நான் குறை சொல்லவில்லை. நம் ஊரிலும் சீமைக் கருவேலம் இருக்கிறது, கரி போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வியாபாரம் இங்கேயும் வரும் என்றுதான் சொல்கிறேன். வரட்டும். ஆனால் அப்படி வரும்போது ஒரு டன் கரிமேல் ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய் மதிப்பில் ஒரு காகிதம் பிறக்கும். அந்தக் காகிதத்துக்கு அடமானமாக ஐந்நூறு வருடம் மண்ணுக்குள் கிடக்கப் போவது கரி. பயிர் வெளுத்தால் நஷ்டம் யாருக்கு? கிரெடிட் ஏறினால் லாபம் யாருக்கு? இரண்டுக்கும் பதில் ஒரே பெயராக இருந்தால் அது வியாபாரம். வேறு வேறு பெயராக இருந்தால் அது சுரண்டல்.

*

"அப்படியானால் கரியே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். 1971-ல் 1.20 சதவிகிதமாக இருந்த தமிழக மண்ணின் கரிமச்சத்து 2002-ல் 0.68-க்கு இறங்கிவிட்டது என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொன்ன கணக்கு. ஏறத்தாழப் பாதி சொத்தை ஒரு தலைமுறையில் தின்று தீர்த்த குடும்பம் நாம். அதனால்தான் நாலு விஷயங்களைக் கேட்கிறேன்.

ஒன்று: மண்ணைச் சோதிக்காமல் ஒரு கூடை கரிகூட விற்கக்கூடாது. மண் காரமா புளிப்பா என்று தெரிந்த பிறகுதான் பேச்சு.

இரண்டு: மூட்டைமேல் எதை, எவ்வளவு சூட்டில் சுட்டது, காரம் எவ்வளவு, உலோகம் எவ்வளவு, எருவில் ஊறியதா இல்லையா என்று தமிழில் அச்சிட வேண்டும். முதல் போகத்தில் உரத்தைக் குறைக்காதே என்று சிவப்பு எழுத்தில் போட வேண்டும்.

மூன்று: மண்ணில் மூலதனம் போடுகிற குத்தகைதாரருக்கு நீண்டகால எழுத்துப்பூர்வக் குத்தகை வேண்டும். நடுவில் நிலத்தைத் திரும்ப வாங்கினால் மண்ணுக்குச் செலவழித்ததற்கு ஈடு கொடுக்க வேண்டும். இதை முதலில் செய்து காட்ட வேண்டியது அறநிலையத்துறை. இத்தனை லட்சம் ஏக்கர் வைத்திருக்கிறவர்கள் ஒரு சிறு பகுதியில் ஆரம்பித்தாலே போதும். தனியார் நிலத்துக்காரர்களிடம் கேட்க ஒரு முன்மாதிரி கிடைக்கும்.

நான்கு: கார்பன் கிரெடிட் ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். கிரெடிட் என்ன விலைக்குப் போயிற்று, அதில் உழுகிறவர் பங்கு எவ்வளவு என்பது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அல்ல.

இதில் உங்களுக்கு என்ன வேலை என்கிறீர்களா? சிங்கப்பூருக்கு விமான டிக்கெட் போடும்போது, கார்பன் ஈடுகட்ட விருப்பமா என்று சில இணையதளங்கள் கேட்கின்றன. நூறோ இருநூறோ சேர்த்துக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அந்தப் பணம் எந்த வயலுக்குப் போனது, அந்த வயலை உழுதவர் கைக்கு எவ்வளவு போனது என்று அடுத்த முறை கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பதில் வராவிட்டால் கட்டாதீர்கள்.

திருப்புட்குழியில் இன்னொரு கதையும் சொல்வார்கள். ராமானுஜர் இளம் வயதில் யாதவப்பிரகாசரிடம் படித்தது இந்த ஊரில்தானாம். குரு சொன்ன விளக்கம் தப்பு என்று தோன்றியபோது, குரு என்றும் பார்க்காமல் மறுத்துச் சொன்ன மாணவர் அவர். அப்படிப்பட்ட ஊரில், மூட்டையோடு வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்பது ஒன்றும் அபசாரம் ஆகாது.

கிளம்பும்போது அந்த விவசாயியிடம் இந்த வருடம் என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கரி மிச்சம் ரெண்டு மூட்டை கீது சார். சாணியில கொட்டி வெச்சிருக்கேன். நிலம் கையில இருந்தா போடுவேன்" என்றார்.

அவருக்குச் செய்முறை தெரிந்துவிட்டது. இனி தெரிய வேண்டியது நிலம் யார் கையில் என்பதுதான்.